நாலாவது பாட்டில் ஒரு நாற்காலி

நாற்பது பேர் கூடிப் பாடுவது போலக் கேட்கும் அந்தக் கோரஸைப் பாடியது ஒரே ஒரு ஆள்தான். அவர் என் அண்ணி. அது தெரிவதற்கு முன்பே, 'அது மனுஷக் குரலே இல்லை, மெஷின்' என்று எழுதி ஆயிரக்கணக்கான பேரை நம்பவைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் சமாதானம் சொல்ல வந்தவன் போல இருக்கும்.

எனக்கு டைல்ஸ் கடையில் விற்பனை வேலை. பதினெட்டு வருடமாக ஒரே கடை. டைலின் ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, மறுகையின் விரல் முட்டியால் தட்டினால், நல்லது கணீரென்று பேசும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் அமுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலை நான் காதால் பிடிப்பேன். முதலாளிக்கே சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். அந்தத் திமிரில்தான் ரசிகர் பக்கத்தில் எனக்கு நானே 'இரும்புக் காது' என்று பேர் வைத்துக்கொண்டேன்.

ரசிகர் பக்கம் என்றது, ஒரு பவர் மெட்டல் குழுவுக்காக நான் நடத்திவரும் இணையப் பக்கத்தை. பவர் மெட்டல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிரம்ஸ் குதிரை ஓட்டம் ஓடும், கிடார் அதை முந்தப் பார்க்கும், பாடகர் உச்சாணிக் கொம்பில் ஏறி நின்று வாள், நெருப்பு, டிராகன் என்று பாடுவார். கடைசியில் ஒரு பெருங்கூட்டமே சேர்ந்து 'ஓ... ஆ...' என்று எழும். அதுதான் கோரஸ். எழுதியவர்கள் யாரும் வாளைத் தொட்டதில்லை; கேட்கிற நாங்களும் காய்கறிக் கத்திக்கு மேல் எதையும் பிடித்ததில்லை. ஆனாலும், நாள் முழுக்க 'இதே கலர்ல இன்னும் கொஞ்சம் லைட்டா இருக்கா?' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி வாழ்கிறவனுக்கு, அந்தக் கோரஸ் எழும்போது முதுகு நிமிரும். அதிலும் அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் எனக்கு உயிர். பதினைந்து வருடமாக, காலையில் குளித்துவிட்டு வந்ததும் அதைத்தான் போடுவேன்.

அண்ணன், அண்ணி, நான் மூவரும் ஒரே வீடு. என் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அண்ணி மிக்ஸியில் அரைத்துக்கொண்டிருப்பார். இங்கே கோரஸ் வரும் இடத்தில் அங்கே மிக்ஸி நிற்கும். கோரஸ் முடிந்ததும் மறுபடி ஓடும். என் பாட்டு கெடக்கூடாது என்று எனக்காக நிறுத்துகிறார் என்று நினைத்தேன். 'எங்க அண்ணி மாதிரி வருமா' என்று கடையில் பெருமை பேசியும் இருக்கிறேன்.

அண்ணி கல்யாணத்துக்கு முன்பு ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வரவேற்பு மேசையில் இருந்தவர். அங்கே போன் எடுத்தேன், டீ வாங்கிக் கொடுத்தேன் என்பதற்கு மேல் எங்களிடம் எதுவும் சொன்னதில்லை. பிறகு ஒரு பெரிய ஓட்டலில் டெலிபோன் வேலை. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்பதற்காகவே அறைகளிலிருந்து மறுபடி மறுபடி தண்ணீர் கேட்பார்களாம். அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எட்டு வருடத்துக்கு முன்பு கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது, கூடவே குரலும் போனது. நரம்பு அடிபட்டிருக்கிறது, ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்றார்கள். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. இப்போது பேசினால் தகரத்தில் உப்புத்தாளைத் தேய்ப்பது போல இருக்கும். வாயைத் திறக்குமுன் இரண்டு தடவை சின்னதாகச் செருமிக்கொள்வார்.

அந்தத் தொண்டையோடு போன் எடுக்க முடியாது என்று ஓட்டலில் அவரைக் கீழ்த்தளத்து லாண்டரிக்கு மாற்றினார்கள். ஈரமான படுக்கை விரிப்பின் ஒரு மூலையை இவரும் மறு மூலையை இன்னொரு பெண்ணும் பிடித்து, சுருக்கம் விழாமல் சூடான உருளைக்குள் விடவேண்டும். துணி கோணலாகப் போனால் அந்த இயந்திரம் இரண்டு தடவை 'பீப், பீப்' என்று கத்தும். மற்றபடி அங்கே யாரும் யாரோடும் பேசவேண்டிய அவசியமில்லை.

இனி சொல்வதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது ஆல்பம் பதிவானது அண்ணி வேலை பார்த்த கூடத்தில். கோரஸுக்கு ஆள் திரட்ட அந்தக் குழுவுக்கு அப்போது வக்கில்லை. குழுவின் தலைவரான கிடார்காரர், மேசையில் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு ஒரு 'ஆ' பாடச் சொன்னார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து சாயங்காலம்வரை நாற்பது தடவை பாடவைத்தார். கிட்ட நின்று ஒன்று, எட்ட நின்று ஒன்று, மூக்கால் ஒன்று, ஆண் போலத் தடித்த குரலில் ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். ஆல்பம் வந்தபோது உள்ளே 'கோரஸ்: நண்பர்கள்' என்று இருந்தது. அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது குரல் இருந்தது, இன்னொரு நாள் பாடிக்கொள்ளலாம்.

ஏழு வருடம் சும்மா கிடந்த குழு இந்த வருடம் புது ஆல்பம் போட முடிவு செய்ததும், கிடார்காரர் அண்ணிக்குப் போன் செய்தார். அந்தப் பழைய பதிவுகளை எடுத்துப் புதுப் பாட்டுகளில் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார், இந்தத் தடவை தன் பேரைப் போடவேண்டும் என்று. அதற்கென்ன, கண்டிப்பாக என்றார் அவர். அண்ணி இதை அண்ணனிடம் மட்டும் சொல்லி, என்னிடம் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அச்சில் இருக்கும் தன் பேரை என்னைக்கொண்டே படிக்கவைத்து, என் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும் என்று ஆசை.

ஆல்பம் வெள்ளிக்கிழமை இணையத்தில் வந்தது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒருவர் மூன்றாவது பாட்டில் பஸ்ஸிலேயே அழுததாக எழுதினார். இன்னொருவர், டிரம்ஸ் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அடித்தது போல இருக்கிறது என்றார். பாடகருக்கு வயதாகிவிட்டது என்று ஒரு கூட்டம், வயதானதால்தான் பாட்டில் கனம் வந்திருக்கிறது என்று மறு கூட்டம். டிராகனுக்குப் பல் விழுந்துவிட்டது என்று ஒரு குறும்புக்காரர் படம் வரைந்து போட்டார். எல்லோரும் 'இரும்புக் காது என்ன சொல்கிறது?' என்று என்னைக் கேட்டார்கள். நான் இரண்டு தடவை கேட்டேன். கோரஸ் ஒவ்வொரு பாட்டிலும் ஒரே மாதிரி எழுந்து, ஒரே மாதிரி அடங்கியது. இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினேன்: 'பாட்டு பரவாயில்லை. கோரஸ் செத்த கோரஸ். எந்தத் தொண்டையும் இதைப் பாடவில்லை. பட்டனைத் தட்டினால் வரும் மெஷின் குரல். விரிசல் விட்ட டைலைக் காதால் பிடிப்பவன் சொல்கிறேன்.' என் வாழ்க்கையில் நான் எழுதிய எதற்கும் அவ்வளவு லைக் விழுந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, அண்ணி சிடியைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்காக முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கியதாம். உறையைக்கூடப் பிரிக்கவில்லை. உள்ளே பேரெல்லாம் போட்டிருப்பார்களாமே, எழுத்து பொடியாக இருக்கும், படியுங்கள் என்றார். நான் ராகம் போட்டுப் படித்தேன். பாடகர், கிடார், டிரம்ஸ், டிராகன் வரைந்தவர், வேன் ஓட்டியவர், நன்றி சொல்லும் இடத்தில் டிரம்மர் வீட்டு நாய். அண்ணி கையில் கரண்டியோடு நின்றுகொண்டே கேட்டார்.

"கோரஸ்னு எதுவும் போடலையா, தம்பி?"

"மெஷினுக்கு யாராவது பேர் போடுவாங்களா, அண்ணி?"

சொல்லிவிட்டுச் சிரித்தேன். போனை எடுத்து, நான் எழுதியதையும் படித்துக்காட்டினேன். டைல் வரியை இரண்டு தடவை படித்தேன். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டான். அண்ணி இரண்டு தடவை செருமினார். "அதுவும் சரிதான்" என்று சொல்லி எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். நான் சாப்பிட்டேன்.

அதோடு போயிருந்தால்கூட அண்ணி விழுங்கியிருப்பார். புதன்கிழமை கிடார்காரர் ஒரு பேட்டி கொடுத்தார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று என் பதிவைப் பிடித்துக்கொண்டார். 'ரசிகர்களுடைய காது கூர்மையானது, கண்டுபிடித்துவிட்டார்கள், ஆமாம், கோரஸ் மெஷின்தான், அடுத்த ஆல்பத்தில் மனிதர்களைப் பாடவைப்போம்' என்றார். பழைய சோற்றைச் சுடவைத்துப் பரிமாறினார் என்று தெரிவதைவிட மெஷின் வாங்கினார் என்பது அவருக்குக் கௌரவம். நான் அந்தப் பேட்டியைப் பக்கத்தின் உச்சியில் ஒட்டிவைத்தேன்.

மறுநாள் மத்தியானம், படமில்லாத ஒரு புதுக் கணக்கிலிருந்து நாலு வரி வந்தது. 'அது மெஷின் இல்லை. ஒரு பெண் ஒரே நாளில் நாற்பது தடவை பாடியது. நாலாவது பாட்டில் கடைசிக் கோரஸ் அடங்கும்போது நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். கால் வலித்து நகர்த்தினேன்.' நான் அந்தப் பாட்டைப் போட்டுப் பார்த்திருக்கலாம். போட்டுப் பார்க்கவில்லை. 'அப்படியானால் அம்மணி ஒரு வரி பாடி அனுப்பட்டும், இரும்புக் காது தீர்ப்பு சொல்லும்' என்று பதில் போட்டேன். ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். ஆல்பம் பிடித்தவர், பிடிக்காதவர் எல்லோரும் இந்த ஒன்றில் மட்டும் ஒன்றுசேர்ந்து 'பாடு, பாடு' என்று எழுதினார்கள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, பக்கத்தில் எல்லோரும் கேட்கும்படி ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. பன்னிரண்டு விநாடி. கடையில் கூட இருப்பவர்களும் சிரிக்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் ஒரு செருமல். இன்னொரு செருமல். பிறகு 'ஆ...' என்று ஏறப் பார்த்து, ஏற முடியாமல் கிழிந்து, மறுபடி ஏறப் பார்த்த ஒரு குரல். பின்னால் எங்கேயோ 'பீப், பீப்'. கடைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் கையில் ஒரு டைல் இருந்தது. அதைக் கீழே வைக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. தினமும் காலையில் காபி வேண்டுமா என்று கேட்குமுன் வரும் செருமல் அது.

பதிவை நீக்குவதற்குள் அதை நூற்றுக்கணக்கான பேர் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். 'துருப்பிடித்த கேட் புது ஆல்பத்தில் பாடியிருக்கிறது' என்று ஒன்று. 'மெஷினே தேவலை' என்று ஒன்று. கடையின் பின்புறம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று ஹெட்போனில் நாலாவது பாட்டைப் போட்டேன். கடைசிக் கோரஸ் அடங்கும்போது, தரையில் மரக்கால் உரசும் சத்தம். இரண்டாவது ஆல்பத்தைப் போட்டேன். அதிலும் அதே சத்தம். பதினைந்து வருடமாகத் தினமும் கேட்டிருக்கிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன்கூட என் அளவுக்கு முட்டாளில்லை. அவன் வெண்ணெயைக் காறித் துப்பவில்லை.

சாயங்காலம் அண்ணி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிறபோது, வாசலிலேயே கேட்டேன்.

"ஏன் அண்ணி அனுப்பினீங்க? குரல் இப்படி இருக்குன்னு தெரியும்ல?"

"நீங்க கேட்டீங்க, அனுப்பினேன். பாடினா வராதுன்னு தெரியும் தம்பி. ஆனா என் குரலை நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நினைச்சேன்."

"கண்டுபிடிச்சேன், அண்ணி."

"ம். எல்லாரும் சிரிச்சதுக்கு அப்புறம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே இருந்து அண்ணன் என்னைப் பார்த்தான். "நீ செவிடன்டா" என்றான். அதோடு பத்து நாள் பேசவில்லை.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்கவேண்டாம். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு குதிக்காத குதியெல்லாம் குதித்தேன். கிடார்காரருக்கு எழுதினேன். அவரே போன் செய்து, ஜனங்கள் மெஷின் என்று நம்பிவிட்டார்கள், இப்போது மாற்றிச் சொன்னால் இரண்டு பக்கமும் கிழிப்பார்கள், அடுத்த ஆல்பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த ஆல்பத்தில் மனிதர்களைப் பாடவைக்கப்போகிறாரே, அதில் அண்ணிக்கு ஏது இடம்? பக்கத்தில் நடந்ததையெல்லாம் எழுதினேன். நாற்காலிச் சத்தத்தை வெட்டிப் போட்டுக் காட்டினேன். போன வாரம் மெஷின், இந்த வாரம் அண்ணியா என்று கேட்டார்கள். நாற்காலிச் சத்தத்தையும் மெஷினிலேயே செய்யலாம் என்று ஒருவர் விளக்கினார். இப்படி நம்பக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தானே. என் பழைய பதிவை அழித்தேன். அதன் படத்தை எடுத்து வைத்திருந்தவர்கள் திரும்பப் போட்டார்கள். அதற்கு இன்னமும் லைக் விழுகிறது.

அண்ணியைப் பற்றி இப்படி ஒன்று எழுதப்போகிறேன், பேரை முழுசாகப் போட்டு எழுதுகிறேன் என்று போன வாரம் அவரிடமே சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் போடவேண்டிய இடத்தில் போடாத பேரை நீங்கள் உங்கள் மனசு ஆறுவதற்காகப் போடவேண்டாம் என்றார். அதனால்தான் இங்கே அவர் பேர் இல்லை.

இரண்டாவது ஆல்பத்தை இப்போதும் காலையில் போடுகிறேன். சத்தத்தைக் கூட்டியே வைக்கிறேன். கோரஸ் வருகிறது, போகிறது. மிக்ஸி நிற்பதில்லை.