அண்ணா ஜேர்மன் பேசிய சனிக்கிழமை

என் அண்ணா ஜேர்மனிக்குப் போனபோது அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடங்கள் நாங்கள் நேரில் சந்திக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவோம். "எப்பிடி இருக்கிறாய்? அங்கை குளிரே?" என்று கேட்பார். "ஓம், கொஞ்சம் குளிர்தான்" என்பேன். எங்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான். 2011 யூலையில் மெல்பேர்ண் விமான நிலையத்துக்கு அவரை அழைத்துவரப் போனேன். வெளியே வந்த நரைத்த மீசைக்காரரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் என்னைக் கண்டுபிடித்தார்.

மூன்று கிழமைகள் எங்களோடு மல்கிரேவில் தங்குவதாகத் திட்டம். முதல் கிழமையிலேயே பேச்சு தீர்ந்துவிட்டது. முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன், கடற்கரைக்குக் கூட்டிப்போனேன், பென்குயின் பார்க்கவும் போனோம். எல்லாவற்றுக்கும் "நல்லாயிருக்கு" என்றார். வீட்டில் இருந்தால் கதிரையை ஜன்னலோரம் இழுத்துப்போட்டுக்கொண்டு தெருவைப் பார்ப்பார். சாப்பிட்ட தட்டை யாருக்கும் விடாமல் தானே கழுவுவார். அதுவும் மிக வேகமாக. சமையலறைகளில் வேலை செய்தவர் என்பது தெரியும். எந்தச் சமையலறை, எத்தனை வருடம் என்றெல்லாம் நான் கேட்டதில்லை.

"மனுசன் இருபத்தஞ்சு வருசம் ஜேர்மனியிலை இருந்தவர். அந்தச் சாப்பாட்டுக்கு எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்றாள் மனைவி. அவள் மருத்துவமனைத் தாதி. அந்தச் சனிக்கிழமை பகல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

அப்படியொரு இடம் எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் யாராவது வேலையை விட்டுப் போனால் வழியனுப்பும் மதியச் சாப்பாடு அங்கேதான் நடக்கும். உலகப் போருக்குப் பிறகு கப்பலில் வந்த ஒரு ஜேர்மன் குடும்பம் தொடங்கியது என்று சொல்வார்கள். முன்பக்கம் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் புகைபோட்ட இறைச்சியும் பாற்கட்டியும் இருக்கும். கொக்கிகளில் சொசேஜுகள் தொங்கும். தட்டுகளில் கல்லுப்போலக் கறுத்த பாண் ரொட்டிகள். அதைத் தாண்டினால் இருட்டான மரச்சுவர்களும் நீண்ட வாங்கு இருக்கைகளும் உள்ள மதுக்கூடம். சுவரில் மான்கொம்பு. நான் அங்கே எட்டுப் பத்துத் தடவை போயிருப்பேன். ஒவ்வொரு தடவையும் பாண்தூள் தடவிப் பொரித்த கோழி ஸ்னிட்சல்தான் சாப்பிட்டிருக்கிறேன். தட்டில் வருவது என்னவென்று அதில்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

கடைப்பக்கத்தில் சனிக்கிழமைகளில் ஒரு வயதான பெண் நிற்பார். நிறுவியவரின் மனைவி, எண்பதை நெருங்கியவர். அன்று நாங்கள் உள்ளே போனதும், பாணைப் பார்த்துக்கொண்டே நின்ற அண்ணா திடீரென்று அவரிடம் ஜேர்மன் மொழியில் ஏதோ கேட்டார். அந்தப் பெண் கத்தியைக் கீழே வைத்தார். அண்ணாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் ஏதோ கேட்டார். அண்ணா பதில் சொல்ல, அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"என்னவாம்?" என்றேன்.

"நான் கதைக்கிறது அவையின்ரை ஊர்க் கதையாம். ஸ்ருட்கார்ட்டுக்குப் பக்கத்திலை அவையின்ரை ஊர். நான் குசினியிலை சமைச்சுப் பழகின பாஷைதானே, புத்தகத்திலை படிச்சது இல்லை. ஒரு கறுவல் வந்து தன்ரை அப்பா மாதிரிக் கதைக்கிறானாம்."

இதைச் சொல்லும்போது அண்ணா சிரித்தார். பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மேசையில் உட்கார்ந்து பட்டியலைப் பிரிப்பதற்குள் அந்த அம்மையார் இரண்டு கிண்ணங்களோடு வந்துவிட்டார். பட்டியலில் இல்லாத சாப்பாடு. வேலை செய்பவர்களுக்காகச் சமைத்தது. கெட்டியான பருப்பு, கையால் பிசைந்து வேகவைத்த மாத்துண்டுகள், மேலே ஒரு சொசேஜ். அண்ணா கேட்காமலே வினாகிரிப் போத்தலை எடுத்துப் பருப்பில் தாராளமாக ஊற்றினார். அம்மையார் மேசையைத் தட்டி என்னைப் பார்த்து, "பார்த்தாயா, அவருக்குத் தெரியும்!" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நானும் ஊற்றிப் பார்த்தேன். புளிப்பும் உப்புமாக நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாய்க்குப் பிறகு என் ஸ்னிட்சலுக்குச் சொல்லிவிட்டேன்.

அம்மையார் எங்களோடு உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணிநேரம் இருவரும் பேசினார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அண்ணாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கைகளை வீசிப் பேசினார், இடைமறித்தார், யாரையோ பாவனை செய்து காட்டினார். தமிழில் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுப்பவர், இந்த மொழியில் வேறு மனிதராக இருந்தார். ஒரு கட்டத்தில் பணப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அம்மையாரிடம் நீட்டினார். படத்தின் வெள்ளை முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் வேலை செய்த உணவகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படும்போது அண்ணா கழிவறைக்குப் போனார். நான் கடைப்பக்கத்தில் ஒரு பாண் வாங்க நின்றேன். அம்மையார் அதைத் தாளில் சுற்றியபடி சொன்னார்:

"உன் அண்ணனின் மகள் எவ்வளவு அழகு! என் பேத்திக்கும் அதே பத்தொன்பதுதான்."

நான் தலையாட்டி, நன்றி சொல்லி, பாணை வாங்கிக்கொண்டேன்.

அண்ணாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அம்மா பத்து வருடங்கள் அவருக்குச் சாதகம் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அண்ணா ஏதோ காரணம் சொல்லி மறுத்தார். அந்தச் சாதகக் கட்டு மேசை லாச்சியில் இருந்தபடியே 2006இல் அம்மா கொழும்பில் காலமானார். அண்ணா வரவில்லை. நாட்டு நிலைமை அப்படி என்றோம்.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். சிவப்பு விளக்கில் நிறுத்தியபோது கேட்டேன். "அண்ணா, உங்களுக்கு ஒரு மகள் இருக்கே?"

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அவ சொல்லிப்போட்டாவே?"

"ஓம். எனக்குத் தெரியுமெண்டு நினைச்சுச் சொன்னவ."

விளக்கு பச்சையானது. காரை நகர்த்தினேன். வீடு வரும்வரை அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அதே உணவகத்தில் பரிமாறிய பெண். பதிவு செய்யாமல் ஆறு வருடம் சேர்ந்து இருந்திருக்கிறார்கள். மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது பிரிந்தார்கள். சண்டை என்று ஒன்றும் இல்லை. ஒன்றுவிட்ட வார இறுதிகளில் மகள் அவரிடம் வருவாள். இப்போது தச்சு வேலை பழகுகிறாள்.

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"முதல்லை அம்மாவுக்குப் பயம். பிறகு, இவ்வளவு நாளும் சொல்லாமல் விட்டதைச் சொல்லப் பயம்."

"அம்மா பத்து வருசமாய் உங்களுக்குச் சாதகம் பாத்தவ."

"தெரியும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்போது என் மனதில் ஓடியது, இதை மனைவியிடம் யார் சொல்வது என்பதுதான். அதை வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"நீயே சொல்லு" என்றார் அண்ணா.

"இல்லை. நீங்கள்தான் சொல்ல வேணும்."

மாலையில் மனைவி வந்து தேநீர் போட்டபோது அவரே சொன்னார். நின்றபடி, நீதிமன்றத்தில் சொல்வதைப்போலச் சொன்னார். அவள் தேநீரை மேசையில் வைத்துவிட்டு, "படம் வைச்சிருக்கிறியளே?" என்று மட்டும் கேட்டாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மாமியின்ரை நெத்தி" என்றாள். அண்ணா கதிரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தார். நான் எழுந்து குப்பைத் தொட்டியைத் தெருவோரம் வைக்கப் போனேன். மறுநாள் குப்பை எடுக்கும் நாளல்ல என்பது வெளியே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிப் பேச்சுகள் நீண்டன. மகள் என்ன செய்கிறாள், எங்கே இருக்கிறாள் என்று பேச ஒரு விஷயம் கிடைத்தது.

2013 தொடக்கத்தில், வேலை செய்தபடி ஊர்சுற்றும் விசாவில் அந்தப் பெண் மெல்பேர்ணுக்கு வந்து எங்களோடு பத்து நாள் தங்கினாள். உயரமானவள். கைகள் இரண்டிலும் உளிக் காயத் தழும்புகள். வந்த மூன்றாம் நாள் எங்கள் குசினிக் கதவு உரசுவதைச் சரிசெய்துவிட்டாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம் மட்டும். "சித்தப்பா" என்ற ஒரு சொல்லை அண்ணா பழக்கி அனுப்பியிருந்தார். அதை "சிட்டப்பா" என்பாள். நான் திருத்தவில்லை.

அவள் பழம் பறிக்கும் வேலைக்கு மில்டூராவுக்குப் புறப்படுவதற்கு முதல்நாள், அந்த ஜேர்மன் இடத்துக்குக் கூட்டிப்போனேன். உள்ளே வந்ததும் சுற்றிப் பார்த்துச் சிரித்தாள். எழுபது வயதுக்காரர்களின் வீடு இப்படித்தான் இருக்கும், தன் வயதில் யாரும் இப்படியான இடத்துக்குப் போவதில்லை என்றாள். அதோடு, அவள் இறைச்சி சாப்பிடுவதில்லை. உருளைக்கிழங்கு சலாட்டிலும் பன்றித் துண்டுகள் இருந்தன. பொறுமையாக அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

கடைப்பக்கத்தில் அம்மையாரைக் காணவில்லை. விசாரித்தேன். இடுப்பெலும்பு முறிந்து, ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார் என்றார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள். "அப்பாவின் அம்மாவுக்கு என்னைப் பற்றித் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சரிபார்க்க யாரும் இல்லை.

"தெரியாது" என்றேன். "எங்கள் யாருக்கும் தெரியாது. இரண்டு வருடங்களுக்கு முன்புதான் தெரிந்தது."

அவள் முள்ளுக்கரண்டியைத் தட்டில் வைத்தாள். "சரி" என்றாள். பிறகு, அப்பம்மா எப்படிப்பட்டவர் என்று கேட்டாள். பிடிவாதக்காரி, உயரம் குறைவு, கணக்கில் கெட்டிக்காரி என்று தொடங்கினேன். பரிமாறுபவர் வந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.