பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷம்

ஒன்பது வயது வரைக்கும் பாலாறு என்பது சித்தி கபடி ஆடும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆற்றில் தண்ணீர் ஓடும் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்ததை, மற்ற ஊர் ஆறுகளைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் கரைக்குக் கரை மணல்தான். அதில் கயிறு கட்டி எல்லை போட்டால் மைதானம்.

சித்தி, அம்மாவின் தங்கை, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்தாள். அங்கே பெண்களுக்கு இரண்டு கபடி டீம்கள் இருந்தன. பெரிய டீம் வெளியூர்ப் போட்டிகளுக்கு வேனில் போய்வரும். கம்பெனிக்குள் இருந்த கட்டாந்தரை மைதானமும் அதற்குத்தான். சின்ன டீமுக்கு ஆளுக்கொரு பனியனும் ஆற்று மணலும். சித்தி சின்ன டீம். வருஷத்துக்கு ஒருமுறை அந்த மணலிலேயே ஒரு ஆட்டம் வைத்து, சின்ன டீமிலிருந்து ஒருத்தியை மேலே எடுத்துக்கொள்வார்கள்.

தாத்தாவும் அந்த ஆட்டத்துக்காகத்தான் காத்திருந்தார். நெமிலியில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். சித்தி அழுது, சாப்பிடாமல் கிடந்த பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார்.

"பெரிய டீமுல எடுத்துக்கினாங்கன்னா நீ ஆடு, நான் ஒண்ணும் கேக்கல. எடுக்கலன்னா தையில கல்யாணம். அப்புறம் பேஜார் பண்ணக்கூடாது" என்றார்.

"எடுப்பாங்க" என்றாள் சித்தி.

எடுத்திருப்பார்கள். அவள் ஷிஃப்ட் முடிந்து வந்து ஆடுவதைத் தினமும் பார்த்தவள் நான். நாலு பேர் அமுக்கிப் பிடித்தாலும் அப்படியே முன்னால் பாய்ந்து, நெஞ்சு மணலில் பட விழுந்து, கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிடுவாள். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு சிரிப்பாள்.

ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் தெருவே ஆற்றுக்கு ஓடியது, நானும் ஓடினேன். பார்த்த இடமெல்லாம் செம்மண் நிறத்தில் தண்ணீர். அம்மாவே அப்படிப் பார்த்ததில்லையாம். பெண்கள் மஞ்சளும் குங்குமமும் பூவும் தூவிக் கற்பூரம் ஏற்றினார்கள். சித்தி மட்டும் கைகட்டி நின்றாள்.

"இது எப்போ வடியும்?" என்று கேட்டாள்.

"இன்னாடி பேசற? இப்பதான வந்துகீது" என்று அம்மா அதட்டினாள்.

என்னையும் கும்பிடச் சொன்னாள் அம்மா. இந்தத் தண்ணீர் போகவே கூடாது என்று கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டேன்.

தண்ணீர் போகவில்லை. ஆட்டத்தைக் கம்பெனி மைதானத்தில் வைத்தார்கள். நாங்களும் பார்க்கப் போனோம். சித்தி முதல்முறை எதிர்ப்பக்கம் போனபோதே இருவர் காலைப் பிடித்துவிட்டார்கள். அவள் எப்போதும்போலப் பாய்ந்தாள். அந்தத் தரையில் ஆடிப் பழகியவர்கள் யாரும் அப்படிப் பாய மாட்டார்கள். கோட்டைத் தொட்டாள், தொட்ட கையைத் தூக்க முடியவில்லை. தோள்பட்டை விலகியிருந்தது. அந்த வருஷம் வேறொருத்தியை எடுத்தார்கள்.

தாத்தா சொன்ன சொல் மாறாதவர் என்று ஊரில் பெயர். இன்றைக்கும் யாராவது அவரை அப்படிப் புகழ்ந்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் கூடக் கொடுத்திருக்கலாம். தையில் கல்யாணம் நடந்தது.

எனக்குப் புதுப் பாவாடை கிடைத்தது. அலங்காரம் முடிந்து தனியாக உட்கார்ந்திருந்த சித்தியிடம் அதைக் காட்டப் போனேன். ஆற்றில் அப்போதும் தண்ணீர் இருந்தது. அது யாரால் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லையே என்று ஞாபகம் வந்தது.

"சித்தி, தண்ணி போவக்கூடாதுன்னு நான்தான் வேண்டிக்கினேன். பாத்தியா, இன்னும் போவல."

சித்தி என் பாவாடைக் கரையைத் தடவிப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லது பாப்பா. ஊருக்கே நல்லது" என்று சொல்லி, வலியில்லாத கையால் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணீர் என் உச்சியில் சொட்டியது. கல்யாணப் பெண் அழுவாள், அதற்கெல்லாம் ஏன் என்று கேட்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் கேட்கவில்லை.