கலப்பை ஆழம்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது எனக்கு நடந்தது. நடக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்குவேன்.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம். ஜனவரி, மாலை 4:10. அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் கிரீ பழங்குடி மக்களின் கூடத்தில், அரசாங்கத் தாள் ஒன்றை யூனிஸ் அத்தைக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஏரிக்கரை நிலத்தில் சுரங்கம் தோண்டச் சம்மதம் கேட்கும் தாள். அத்தை ஒருத்திதான் பாக்கி.

“லெஸ்டரு, அந்தக் காலத்து ஒப்பந்தத்துல கலப்பை போற ஆழம் மட்டுந்தான் வெள்ளைக்காரனுக்குன்னாங்க. அதுக்குக் கீழ நம்முது. இதுல எவ்வளவு ஆழம்?”

தாளில் ‘அடியில் உள்ள அனைத்தும்’ என்றிருந்தது. அத்தை சம்மதித்தால் எனக்கு நிரந்தர வேலை என்று தாளைக் கொடுத்த அதிகாரி சொல்லியிருந்தார்.

“அதே... ஆழந்தான் அத்தை.”

“ஏன்டா முழுங்குற? வாயில என்ன கொழுக்கட்டையா?”

சிரித்தாள். கை நடுங்கும் அவளுக்கு. கையெழுத்துக்குப் பதில், பழைய வழக்கப்படி என் கையிலிருந்த பேனாவின் மேல்முனையைத் தொட்டாள். அவளுக்காக நான் பெருக்கல் குறி போட்டேன். படுபாவி நான். என்னை நம்பித் தொட்டாள்.

4:35. அத்தையை வண்டியில் ஏற்றிவிட்டு வந்தேன். மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து மட்டும் பாக்கி. உட்கார்ந்து பேனாவைத் தாளில் வைத்தேன்.

கர்ர்...

மேசைக்கடியில். எலி என்று காலை உதறினேன்.

கர்ர்... கர்ர்...

பேனா நகரவில்லை. அதன் மேல்முனையை ஒரு விரல் அழுத்தியது. விரலைக் காணோம்.

“எவ்வளவு ஆழம்?”

கிரீ மொழி. ஆண் குரல்.

4:41.

கர்ர்... தரைக்கடியில்... இன்னும் கீழே...

கண்ணை மூடிக் கையெழுத்தைக் கிறுக்கினேன். ஓடினேன்.

அப்போதாவது அந்தத் தாளைக் கிழித்திருக்கலாம். மறுநாள் அதிகாரியிடம் கொடுத்தேன்.

எட்டாம் நாள் அவர் போன் செய்தார்.

“யாருய்யா இந்த பத்தீஸ்? உன் பேரை எழுதாம அவர் பேரை எழுதியிருக்க?”

போய்ப் பார்த்தேன். எழுத்து என்னுடையதுதான். ஆனால் பத்தீஸ் என் கொள்ளுத்தாத்தா. அந்தக் காலத்து ஒப்பந்தத்தை எங்கள் ஜனங்களுக்கு மொழிபெயர்த்தவர்.

அன்றே அம்மாவிடம் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள்.

“சாகுற வரைக்கும் வீட்டுத் தரையை நகத்தாலயே தோண்டுனாராம்டா. ‘கலப்பை ஆழந்தான்னு நாந்தானே பொய் சொன்னேன்’னு பொலம்பிக்கிட்டே... பிள்ளைங்ககிட்ட நாங்க யாரும் சொல்றதில்ல.”

அத்தனையும் கேட்டேன். கேட்டுவிட்டும், மறுநாள் போய்ப் பெயரைத் திருத்திக் கொடுத்தேன். வேலை கிடைத்தது. அத்தை இன்னும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள்.

வெளியே நிலம் உறைந்து கிடக்கிறது. கடப்பாரைகூட இறங்காது.

தினமும் காலையில் என் நகங்களுக்குள் ஈர மண்.