தனிப் பதிவேட்டில் இருந்த என் மூத்த மகன்

எங்கள் சின்னக்கானல் எஸ்டேட்டில் கர்ப்பிணியின் காதுபட சாப்பிள்ளையைப் பற்றிப் பேசமாட்டோம். அதனால்தான், "குடும்பத்தில் குழந்தை இறந்து பிறந்ததுண்டா?" என்று மகளின் டாக்டர் கேட்டபோது, "இல்லை" என்றேன்.

என் தடுமாற்றத்தை மகள் கவனித்துவிட்டாள். எங்கள் வம்சாவளியை எழுதிக்கொண்டிருந்தவள் பஞ்சாயத்து அலுவலகத்துக்கே போனாள். பிறப்புப் பதிவேட்டில் ஒன்றுமில்லை. இறந்து பிறந்தவர்களுக்குத் தனிப் பதிவேடு உண்டென்று விசாரித்து, அங்கிருந்தவர்களை அதையும் எடுத்துப் பார்க்க வைத்தாள். அதில் தாயென்று என் பெயர். குழந்தைக்குப் பெயரில்லை, 'ஆண்' என்று மட்டும்.

"ஏம்மா, எனக்கு அண்ணன் இருந்தத மறைச்சுட்டியே!"

"ஒனக்கு ஆகாதுன்னுதான்டி..."

"மறைச்சாத்தான் ஆகாது. வந்து டாக்டர்ட்ட சொல்லு."

சொன்னேன். சாப்பிள்ளைக்குச் சர்க்கரையும் காரணமாகலாமென்று டாக்டர் மறுபடி பரிசோதித்தபோது மகளுக்குச் சர்க்கரை கூடியிருந்தது. உடனே மருந்து தொடங்கியதால் பேத்தி நலமாகப் பிறந்தாள். மகளை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

இப்போது எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும், "ரெண்டு. மூத்தவன் தங்கல" என்கிறேன்.