முதலைக் குளத்துச் சுவரில் என் மகள்

அந்தக் காணும் பொங்கலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வயதானால் கோபம் அடங்கிவிடும் என்பார்கள். எனக்கு அடங்கவில்லை.

அப்போது நாங்கள் ராயபுரத்தில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கூட்டுக் குடித்தனமாக இருந்தோம். காயப்போட்ட துணியைத் தட்டினால் கரித்தூள் கொட்டும். என் கணவரின் அண்ணன் ஹார்பரில் மேஸ்திரி. அவருடைய ஆட்களில் ஒருவராகத்தான் என் கணவருக்கும் வேலை. அதனால் வீட்டிலும் அவர் மேஸ்திரிதான். அவர் உள்ளே வந்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவர் முகத்தைப் பார்த்து நான் பேசியது கிடையாது.

காணும் பொங்கலுக்கு உயிர் காலேஜ் போகலாம் என்று சொன்னவரும் அவர்தான். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கடற்கரையில் இருந்த மீன் காட்சி சாலையை யுத்தத்தின்போதே மூடிவிட்டார்கள். குழந்தைகளுக்குக் காட்ட இது ஒன்றுதான் இருந்தது. மேஸ்திரி, அவர் மனைவியான என் ஓரகத்தி, என் கணவர், நான், என் இரண்டு குழந்தைகள். ஓரகத்தியின் பையன் மாமியாரோடு வீட்டிலேயே இருந்துவிட்டான். மகளுக்கு மூன்று வயது. மகன் அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தான். புளிசோறும் வறுத்த மீனும் தூக்கில் எடுத்துக்கொண்டு டிராம் ஏறினோம்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். சிங்கம் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. மகன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூண்டு ஓரத்தில் யாரோ சிந்திய சோற்றைக் கொத்திய காக்காயைப் பார்த்துக் கைதட்டினான். மகள் ஒட்டகத்தைப் பார்த்து, "அம்மா, ஆட்டுக்கு முதுவு வீங்கிக்கிச்சு" என்றாள். மேஸ்திரி உட்பட எல்லோரும் சிரித்தோம்.

சாப்பிட்ட பிறகு முதலைக் குளத்துக்கு வந்தோம். ஒரே கூட்டம். பெரியவர்களின் மார்பளவுக்குச் சுவர். கீழே பாசி பிடித்த தண்ணீர். முதலை கட்டை மாதிரி கிடந்தது. அதை அசைய வைக்கக் கரும்புச் சக்கையை வீசிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியும் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். சக்கையைத் துப்பிவிட்டு, "வா கண்ணு, நீயும் பாக்குறியா?" என்று என் மகளைத் தூக்கிச் சுவர்மேல் நிறுத்தினார். அவளுக்குச் சந்தோஷம். அப்புறம் அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தொங்கவிட்டார்.

"போட்டுடட்டா? மொதல மாமா பசியோட கீறாரு. போட்டுடட்டா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம் ஏறிவிட்டது. இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார். "வோணாம் மாமா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் அழவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. காலோடு மூத்திரம் வழிந்து தண்ணீரில் சொட்டியது. அதைப் பார்த்து இன்னும் பலமாகச் சிரித்தார்கள். என் கணவர் அண்ணனுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவரும் சிரித்தார்.

கரும்புச் சாறு பட்ட கையோ என்னவோ, ஒரு பிடி நழுவியது. என் மகள் ஒற்றைக் கையில் தொங்கினாள்.

இடுப்பிலிருந்த மகனை ஓரகத்தியிடம் திணித்துவிட்டுக் கூட்டத்தை இடித்துக்கொண்டு போனேன். அதற்குள் அவர் அந்த ஒரு கையைப் பிடித்தே அவளை மேலே இழுத்துவிட்டார். முகத்தில் சிரிப்பு போகவில்லை. "ஒன்னியும் ஆவல, ஒன்னியும் ஆவல" என்றார். குழந்தையை அவரிடமிருந்து பிடுங்கினேன்.

"யோவ், நீ மனுசனா? பச்சக் கொயந்தய வச்சிகினா வெளாடுவ? ஒன் கை ஒடஞ்சி போவ!"

மேஸ்திரியின் முகம் கறுத்தது. "இன்னாமே, வாய் நீளுது? யாராண்ட பேசிகினு கீற தெரியுதா?"

"தெரியுது. கொயந்த ஒன்னுக்குப் போவ சொல்லோ அதப் பாத்து பல்லக் காட்டினு நிக்கிற ஆளாண்ட பேசறன்."

யாரோ ஒருவன் கெக்கலித்தான். இந்த முறை அது அவரைப் பார்த்து. அவர் கையை ஓங்கினார். என் கணவர் நடுவில் வந்தார். என்னைக் காப்பாற்றத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணன் வெளாட்டுக்கு செஞ்சிது. மரியாதியா மன்னிப்பு கேளு."

"நம்ம கொயந்த தொங்க சொல்லோ நீயும் சிரிச்சிகினு நின்ன. மொதல்ல நீ அதாண்ட கேளு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன்.

வால்டாக்ஸ் ரோட்டில் பாதி தூரம் போனபோது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. ஓரகத்தி, என் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். திரும்பிப் போகலாம் என்று கூப்பிடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் மகனை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு என் பக்கத்தில் நடந்தாள்.

மகள் இடது கையைத் தொங்கப்போட்டபடியே இருந்தாள். தொட்டால் வீறிட்டாள். போகிற வழியில் இருந்த ஆஸ்பத்திரியில் நுழைந்தோம். டாக்டர் முழங்கையை மெல்லத் திருப்பினார். உள்ளே 'டக்' என்றது. மூட்டு நழுவியிருக்கிறது, இப்போது சரியாகிவிடும் என்றார்.

"யார் இப்படிக் கையைப் பிடிச்சு இழுத்தது?"

நான் வாயைத் திறக்குமுன் ஓரகத்தி சொன்னாள். "என் வூட்டுக்காரரு."

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். அவள் என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "எம் புள்ளையும் இப்டித்தான் தொங்க வுட்டாரு. ஹார்பர் செவுத்துல, கடலுக்கு மேல. இன்னும் பேச சொல்லோ திக்குதே, அன்னிலேந்துதான். நானும் நின்னு பாத்துகினு இருந்தன்."

எனக்கு அவள்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷம் தெரிந்திருந்தும் காலையில் எங்களோடு டிராம் ஏறினாளே என்று ஆத்திரம்தான் வந்தது. ஆனால் மகளை அவள் மடியில் வாங்கிக்கொண்டபோது தடுக்கவில்லை.

ராத்திரி வீட்டில் பஞ்சாயத்து. மாமியார் ஒரே முடிவாகச் சொன்னார்: "பெரியவன் கால்ல வியுந்து எய்ந்திரு. அத்தோட வுட்ரலாம்." குழந்தையின் கையைக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை. நான் விழவில்லை. மறுநாளே எங்களுக்குத் தனி அடுப்பு என்று பிரித்துவிட்டார்கள். அடுத்த வாரம் மேஸ்திரி என் கணவரை அவருடைய ஆட்களிலிருந்து நீக்கிவிட்டார். என் வாயால்தான் வேலை போனது என்று கணவர் மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. கடைசியில் என் தம்பி திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் அவரைச் சேர்த்துவிட்டான். அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு போனோம். ஓரகத்தி மட்டும் செவ்வாய்க்கிழமைகளில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்து குழந்தைகளைப் பார்த்துப் போவாள்.

மகளுக்குக் கை தேறிவிட்டது. ஆனால் ஆறு வயது வரை யாரும் அவளைத் தூக்க முடியாது. அவள் அப்பா கையை நீட்டினாலும் என் புடவைக்குப் பின்னால் போய்விடுவாள். அவருக்கு அது வருத்தம். "என்னாண்ட ஏன் வர மாட்டேங்குது?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார்.

பதிலுக்கு நானும் கேட்டேன். "அன்னிக்கு நீ ஏன்யா சிரிச்ச?"

தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சன்" என்றார்.

நான் ரசம் ஊற்றாமல் எழுந்து போனேன்.