வாசல் மேல் வளர்ந்த மீன்

ஐலி ஜெர்மன்காரனோடு ஓடிப்போனாள் என்று சொல்கிறவர்கள் முதலில் அந்த ஜெர்மன்காரனை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து பேசட்டும். வெர்னருக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் ஆஸ்பத்திரியில் மாற்றி வைத்தவை. ஆற்றில் இறங்கிவிட்டால் கரையேற்ற ஆள் வேண்டும். அவனோடு ஓடுவதாக இருந்தால் ஐலிதான் அவனை முதுகில் சுமந்துகொண்டு ஓடியிருக்க வேண்டும்.

"அப்ப எதுக்குத்தான் போனா? சொல்லேன் பாக்கலாம்" என்று காப்பிப் பாத்திரத்தோடு நின்று கேட்கிறாள் கடைக்கார ஹில்கா. எதற்கென்று ஹில்காவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை விழுங்கிவிட்டுத் தெரியாததைப் பரிமாறுவதுதான் அவள் கடையில் காப்பியோடு இலவசம்.

ஐலி போனது ஒரு மீனுக்காக. சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும்.

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் சாரியோக்கி ஆற்றுக்கு மீன் பிடிக்க வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லோரும் முதலில் போய் நிற்பது வெய்க்கோ வீட்டு வாசலில்தான். கதவுக்கு மேலே ஒரு பலகை மீன் தொங்குகிறது. பெரிய மீன் பிடித்தால் அதைப் பைன் பலகையில் கிடத்தி, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அந்த வடிவில் அறுத்து வாசலுக்கு மேலே மாட்டுவது இந்த ஆற்றங்கரை வழக்கம். மீனைச் சமைத்துத் தின்றுவிடலாம், பெருமையைத் தின்னக் கூடாது பாருங்கள். வெய்க்கோ வீட்டு ட்ரவுட் மீனைப் போல இன்னொன்று ஆறு நெடுகக் கிடையாது. அதன் வாயில் ஒரு தூண்டில் ஈகூட, மீனை ஏமாற்றும் பொய் ஈ, குத்தியிருந்தது, நாய் முடியில் கட்டிய கறுப்பு ஈ.

அந்த ஈயைக் கட்டியவள் ஐலி. வெய்க்கோவின் மனைவி. முஸ்தி என்று ஒரு கிழட்டு நாய் வைத்திருந்தாள். அது அடுப்படியில் தூங்கும்போது காதோர முடியைக் கத்தரித்து, தூண்டில் முள்ளில் நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டுவாள். தண்ணீரில் விழுந்தால் உயிருள்ள ஈ தோற்றுப்போகும். ஆனால் அந்த ஈயை ஆற்றில் வீசுகிற உரிமை வெய்க்கோவுக்கு. அவளுக்குத் துடுப்பு. நீரோட்டத்தில் படகு நழுவாமல் அவள் பிடித்து நிறுத்த, அவன் நின்றுகொண்டு சாட்டை மாதிரி நூலை வீசுவான். கல்யாணமான கோடையிலிருந்து அப்படித்தான்.

பிறகு ஒரு கோடையில் கொசுக்கள் ஐலிக்கு நல்லது செய்தன. வெய்க்கோவின் இரண்டு கண்ணும் கடிபட்டு பன்ரொட்டி மாதிரி வீங்கிக்கொண்டன. நூல் எங்கே, ஈ எங்கே, ஆறு எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் வீட்டில் இருக்க மாட்டான்.

"துடுப்பை என்கிட்ட குடு. கண்ணு தெரியாட்டியும் கைப்பழக்கத்துல ஓட்டிருவேன். நீ அந்தத் தூண்டில் கோலைச் சும்மா பிடிச்சுக்க, விழாம" என்றான்.

ஐலி சும்மா பிடித்துக்கொள்ளவில்லை. மேல் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழலும் இடத்தில் ஈயை மெல்ல இறக்கினாள். ட்ரவுட் வந்து வாங்கிக்கொண்டது. எவ்வளவு நேரம் இழுத்தது என்று அவளைக் கேட்டால் இன்றைக்கும் கையைத்தான் தடவிக்கொள்வாள். வெய்க்கோ படகில் உட்கார்ந்தபடி, "என்னடி அது? கட்டையா? கட்டையில மாட்டிட்டியா? நூலை அறுத்துரு!" என்று கத்திக்கொண்டே இருந்தான். மீன் படகுக்குள் விழுந்து வாலால் அவன் முகத்தில் ஒன்று வைத்தபிறகுதான் கட்டை இல்லை என்று நம்பினான்.

இந்த ஆற்றில் இன்னொரு வழக்கம் உண்டு. கோல் பிடித்தவருக்கு மீன், துடுப்புப் போட்டவருக்கு மீன்தலை. அதை மாற்றி எவரும் தின்றதில்லை. அன்று ஐலி வீட்டில் ஊரே மீன் தின்றது. அடுப்புத் தட்டில் மீன் மூலைக்கு மூலை கிடந்தது, வால் மட்டும் வெளியே. தலையைத் தின்றவன் வெய்க்கோ. கன்னத்துச் சதையை உறிஞ்சி, கண்ணைச் சுற்றி நக்கி, "இதுக்குச் சமமா ஒண்ணு கிடையாதுப்பா" என்று ஏப்பம் விட்டான். ஹில்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண் வீக்கம் வடிந்தது. வெய்க்கோ பலகையை அறுத்து மாட்டினான். வந்தவர்கள், "நீ பிடிச்சதா?" என்று கேட்டார்கள். முதல் வருஷம், "எங்க வீட்டுது" என்றான். மறு வருஷம், "எங்க படகுல" என்றான். மூன்றாம் வருஷம் இரு கையையும் அகல விரித்து, தான் எப்படி அந்த மீனோடு மல்லுக்கட்டினான் என்று கதை சொல்ல ஆரம்பித்தான். ஐலி உள்ளே காப்பி வடித்துக்கொண்டிருந்தாள்.

மீனும் சும்மா இருக்கவில்லை, வளர்ந்தது. வெயிலும் பனியும் பட்டுப் பலகை வெடித்தது. பழையதைப் புதுப் பலகை மேல் வைத்துச் சுற்றிக் கோடு போட்டான் வெய்க்கோ. பென்சிலின் தடிமன் அளவுக்கு மீன் பெருத்தது. அதுவும் வெடித்தது, இன்னொரு பலகை. இந்த முறை வயிறு இறங்கியது. இப்போது வால் கதவு நிலையைத் தாண்டிக் கீழே இறங்கி நிற்கிறது. உயரமான ஆள் யாராவது வந்தால் நெற்றியில் இடிக்கிறது. செத்து, வெந்து, செரித்துப்போன பிறகும் வளர்கிற மீனை இந்த ஊரில்தான் பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் ஐலி கேட்டது ஒன்றே ஒன்று. "பலகை உன்னோடதாவே இருக்கட்டும். ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னாடி, ஐலி பிடிச்சதுன்னு சொல்லிடு. அப்புறம் உன் இஷ்டத்துக்கு அளந்துக்க."

"சொன்னா என்ன நினைப்பாங்க?"

"நடந்ததை நினைப்பாங்க."

"சொல்றேன், சொல்றேன்" என்பான். நெருப்புத் திருநாளில் சொல்கிறேன் என்று இந்தக் கோடையில் வாக்கும் கொடுத்தான்.

ஜூன் மாதம் சூரியன் மறையாமல் சுற்றுகிற நாளில் ஆற்றங்கரையில் நெருப்பு மூட்டி ஊர் கூடியது. கடை நடத்துகிறவர்கள், குடில் வாடகைக்கு விடுகிறவர்கள், எல்லோரும் இருந்தார்கள். வெர்னரும் ஒரு மடக்கு நாற்காலியில் முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் பிடிக்கிற மீனையெல்லாம் முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரில் விட்டுவிடுகிறவன். நம் ஆட்களோ அளவு பத்தாத குஞ்சு மீனை மட்டும்தான், வளரட்டும் என்று திருப்பி விடுவார்கள். "சாப்பாட்டோட விளையாடுறான் பாரு" என்று அவன் முதுகுக்குப் பின்னால் ஊருக்கே சிரிப்பு.

யாரோ வெய்க்கோவைக் கதை சொல்லச் சொன்னார்கள். எழுந்தான். ஐலியைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம்தான் பெரிதாகத் தெரிந்தது.

"நான் கோலைப் பிடிச்சு நிக்கிறேன், இவ துடுப்பைப் போட்டுட்டு அழறா, வேண்டாங்க போயிரலாம்னு…"

ஐலி எழுந்து நின்றாள். "வெய்க்கோ, அந்த மீனோட தலையைத் தின்னது யாரு?"

நெருப்பு படபடத்தது. வெய்க்கோ குனிந்து அதில் ஒரு விறகைத் தள்ளினான்.

"ஹில்கா, நீ பக்கத்துல இருந்தியே. சொல்லு."

ஹில்கா தன் மேல்சட்டையைக் குனிந்து பார்த்தாள். அதில் அந்த மீனைத்தான் அச்சடித்திருந்தார்கள். கடையில் அப்படிச் சட்டைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, எல்லாவற்றிலும் மீனுக்கு அடியில் வெய்க்கோ பெயர். "அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு ஐலி? உக்காரு. நெருப்புல சுட்ட பாலாடைக்கட்டி எடுத்துக்க, ஆறிப்போகுது."

"தலையும் நானே, வாலும் நானே!" என்று வெய்க்கோ மார்பில் தட்டிக்கொண்டான்.

அதற்குத்தான் ஊர் சிரித்தது. தெரியாதவர்கள் சிரித்திருந்தால் பரவாயில்லை. அன்று அவள் வீட்டில் முள்ளைத் துப்பியவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிக்காதவன் வெர்னர் ஒருத்தன். அவனுக்குத் தலை விஷயம் புரியவில்லை, பக்கத்தில் விசாரித்தான். புரிந்ததும் நாற்காலியைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி எழுந்து, தொப்பியைக் கழற்றி, ஐலியின் கையைக் குலுக்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். இவ்வளவுதான் அந்த மகா காதல். ஓடிப்போன கதை முழுக்க இந்தக் கைகுலுக்கலில் முளைத்தது.

மறுநாள் காலை வெய்க்கோ வாசலில் நின்று இரண்டு வெளியூர்க்காரர்களுக்கு மீனோடு போட்ட அந்தச் சண்டையை நடித்துக்காட்டிக்கொண்டிருந்தான். ஐலி வெளியே வந்தாள். முதுகில் பை, கையில் தூண்டில் கோல், காலில் இடுப்பு வரைக்குமான ரப்பர் பூட்ஸ். மேல் பாறைக்குப் பக்கத்தில் அவள் மாமாவின் மரக்குடில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது, அதன் சாவி கழுத்தில் தொங்கியது. பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினாள். வெய்க்கோ, பலகையைப் பெயர்க்கப்போகிறாள் என்று நினைத்து இரு கையாலும் வாலைப் பிடித்துக்கொண்டான்.

பலகையை அவள் தொடவில்லை. சின்னக் குறடால் மீன் வாயிலிருந்த முஸ்தியின் முடி ஈயை மட்டும் பதமாக உருவினாள். உயிருள்ள மீனுக்குச் செய்வது போல, வாய் கிழியாமல். ஊதித் தூசி தட்டித் தன் தொப்பியில் குத்திக்கொண்டாள்.

"ஏ, என்னடி பண்ற? வந்தவங்க பாத்துட்டிருக்காங்க!"

"விட்டுட்டேன்" என்றாள் ஐலி, பெஞ்சிலிருந்து இறங்கியபடி. "அளவு பத்தாது. இன்னும் வளரட்டும்."

வாலைப் பிடித்த கையோடு அவன் நிற்க, அவள் ஆற்றை நோக்கி இறங்கிப் போனாள்.