சாப்பாட்டு மேஜையில் ஓர் இறக்கை

என் அக்கா வீட்டுக்காரர் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். டியூபைத் தண்ணீரில் முக்கியதுமே எங்கே ஓட்டை என்று சொல்லிவிடுவார். அந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் ஷட்டரை இறக்குவதோடு சரி. வீட்டில் அவர் சின்ன கிளைடர் விமானங்கள் செய்கிறார். எஞ்சின் கிடையாது, காற்றிலேயே மிதக்கும். மிதக்க வேண்டும். அத்தான் செய்தவை மிதந்ததைவிட விழுந்ததே அதிகம்.

இறக்கைதான் தகராறு. ஃபோமில் வெட்டிய இறக்கைமேல் பசை தடவிய கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, ஓரங்களைப் பிசுபிசு டேப்பால் அடைத்து, பம்பால் காற்றை உறிஞ்ச வேண்டும். உறை இறுகித் துணியை அழுத்திப் பிடிக்கும். எங்காவது கொஞ்சம் காற்று புகுந்தாலும் பிடி தளர்ந்து, பசை காய்வதற்குள் துணி கிளம்பிவிடும். இதற்கெல்லாம் மேடுபள்ளமில்லாத இடம் வீட்டில் ஒன்றே ஒன்று, சாப்பாட்டு மேஜை. குடும்பம் மாதக்கணக்காகத் தரையில்தான் சாப்பிடுகிறது.

"இதுதான் கடைசி. இதுவும் வீணாப்போச்சுன்னா மேஜை எனக்கு. சம்மதமா?" என்றாள் அக்கா. மனிதர் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார்.

ஞாயிறு மதியம் பம்ப் ஓடியது. கொஞ்ச நேரத்தில் பம்பின் மீட்டர் முள் இறங்க ஆரம்பித்தது, எங்கோ காற்று புகுகிறது. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. குழாயைத் தடவினார், மூலைகளை அமுக்கினார். பிறகு பழக்கதோஷத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு ஓடிவந்தார்.

"அத்தான், இது என்ன டியூபா? காத்து உள்ளதானே போகுது, நுரை எப்படி வரும்? சோப்புத் தண்ணியத்தான் இறக்கை குடிக்கும்" என்றேன்.

"அட, ஆமால்ல" என்று அப்படியே நின்றுவிட்டார். கேலி செய்ய வந்த எனக்கே பாவமாகிவிட்டது.

அக்கா அதே மேஜையின் மூலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சட்டென்று கத்தி நின்றது. தலையைச் சாய்த்து உறையின் மடிப்புப் பக்கம் காதைக் கொடுத்தாள். காற்று புகும் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அவள் பேசாமல் இருந்தால் போதும், சாயங்காலத்துக்குள் மேஜை அவளுடையது. புருஷன் பெண்டாட்டி வழக்கில் நமக்கென்ன வேலை?

அத்தான் கிண்ணத்தை இன்னும் கீழே வைக்கவில்லை. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, டேப் சரியாக ஒட்டாத மடிப்பின்மேல் கட்டைவிரலை அழுத்தினாள். முள் ஏறியது.

"வாயப் பொளந்துட்டு நிக்காம டேப்ப எடுங்க. மடிப்பு வச்சிருக்கிற லட்சணத்தப் பாரு!"

இறக்கை தேறிவிட்டது. மறுபடியும் தரையில் சாப்பாடு. அத்தான் சந்தோஷத்தில் ரெண்டாவது முறை சோறு கேட்டார். அக்கா போட்டுவிட்டுச் சொன்னாள்:

"அடுத்ததுக்கு உறை ஒட்டுறது நான். நீங்க பம்பப் பாத்துக்கிட்டா போதும்."